சுடுமண் நகை: மண் பிசைவதிலிருந்து காதில் மாட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறேழு பேருக்குச் சுடுமண் நகை செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நன்றாக வரைவார்கள். அப்படியும் பெரும்பாலோரின் முதல் காதணி காதுவரை போய்ச் சேராது. காயும்போது விரிசல் விடும், வளையும், இல்லாவிட்டால் நெருப்புக்குள் படபடவென்று வெடிக்கும்.

பழி நெருப்பின் மேல்தான் விழும். ஆனால் பத்தில் எட்டு தடவை குற்றவாளி தண்ணீர். மண்ணுக்குள் தண்ணீர் எப்போது இருக்க வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்கிற வரிசை பிசகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அழகைவிட ஈரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

செய்யப்போவது ஒரு செட்: இரண்டு தொங்கட்டான், ஒரு பதக்கம். இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி இல்லை. ஒரு சின்னக் கோலத்தைப் பிரித்து, இடது காதில் புள்ளிகள் மட்டும், வலது காதில் அந்தப் புள்ளிகளைச் சுற்றிப் போகும் இழை மட்டும், கழுத்தில் இரண்டும் சேர்ந்த முழுக்கோலம். பார்க்கிறவர் மூன்றையும் மனதில் சேர்த்துக்கொள்வார். எல்லாமே தட்டையான வில்லைகள் என்பதால் புதியவர்களுக்கும் ஏற்றது.

இன்று தொடங்கினால் 10, 12 நாள் ஆகும். அடுத்த வாரக் கல்யாணத்துக்குப் போட வேண்டுமென்றால் கடையில் வாங்கிவிடுங்கள்.

1. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

மண் வேலைக்கு: இரண்டு கிலோ களிமண், பூரிக்கட்டை, பழைய செய்தித்தாள், பட்டர் பேப்பர், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, உருண்டைத் தலை வைத்த குண்டூசி, தென்னை ஈர்க்குச்சி, சின்ன ஸ்பாஞ்ச், பழைய கத்தி. காலாவதியான ஏடிஎம் அட்டை மாதிரிப் பிளாஸ்டிக் அட்டைகள் எட்டு. அவை எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

சுடுவதற்கு: முப்பது காய்ந்த செங்கல், துளையிட்ட மூடியுடன் ஒரு பழைய மண்சட்டி, இருபத்தைந்து வரட்டி, ஒரு கூடை கொட்டாங்கச்சி, நீளமான இடுக்கி, ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். இரும்பு வாளியில் ஓட்டை போட்டுச் சுடுகிறவர்களும் உண்டு. துத்தநாகம் பூசிய வாளியாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பும், அது நச்சு.

முடிப்பதற்கு: வெள்ளை அக்ரிலிக் வண்ணம், பளபளப்பில்லாத வார்னிஷ், 8 மி.மீ வளையங்கள், காது ஹூக், மெழுகு பூசிய பருத்திக் கயிறு, இரண்டு மூக்குக் குறடு.

ஹூக்கையும் வளையத்தையும் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முதலிலேயே வாங்குங்கள். துளை எவ்வளவு பெரிதாக, விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை அந்த வளையம்தான் முடிவு செய்யும். சுட்ட பிறகு துளையை நகர்த்த முடியாது.

2. மண்ணைத் தேர்ந்தெடுத்துப் பிசைவது

கைவினைப் பொருள் கடைகளில் டெரகோட்டா களிமண் என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். முதல் தடவைக்கு அதுவே போதும். பக்கத்து அலமாரியிலேயே காற்றில் காயும் மண்ணும் பாலிமர் களிமண்ணும் இருக்கும். தவறி அதை வாங்கி வருகிறவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். பாலிமர் என்பது பிளாஸ்டிக். வரட்டி நெருப்பில் போட்டால் நாற்றப்புகையோடு கருகும்.

ஊரில் குயவர் இருந்தால் அவரிடமே ஒரு உருண்டை மண் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. மானாமதுரை, விளாச்சேரி, பண்ருட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் பானை மண்ணில் மணல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நகைக்கு நுணுக்கமான கோடு வேண்டும். அதனால் அதைத் தண்ணீரில் கரைத்து, காடாத் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, மிச்சக் குழம்பைத் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டு நாளில் பிசையும் பதத்துக்கு வந்துவிடும்.

வடிகட்டுவது கோட்டுக்காக மட்டுமில்லை. ஏரி மண்ணில் கடுகளவு சுண்ணாம்புக் கல் கிடக்கும். சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும், பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதும். நகை நெருப்பிலிருந்து முழுசாக வெளியே வரும். ஒரு வாரம் கழித்து, பெட்டிக்குள் இருக்கும்போதே, மேல்தோல் சில்லாகத் தெறித்து நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். முதல்முறை இது எனக்கு நேர்ந்தபோது யாரோ கீழே போட்டுவிட்டார்கள் என்று வீட்டில் எல்லாரையும் விசாரித்தேன்.

பிசையும்போது சப்பாத்தி மாவு மாதிரி மடித்து மடித்து அமுக்காதீர்கள். மடிப்பில் காற்று மாட்டிக்கொள்ளும். உருண்டையைக் கம்பியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மறுபாதி மேல் ஓங்கி அடித்து, மறுபடி வெட்டி, மறுபடி அடியுங்கள். இருபது தடவை போதும். வெட்டிய முகத்தில் குமிழ் தெரியாவிட்டால் சரி.

பதம் பார்க்கச் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு திரி உருட்டி, விரலைச் சுற்றி வளையுங்கள். வெளிப்பக்கம் விரிந்தால் தண்ணீர் போதவில்லை. விரலில் ஒட்டினால் அதிகம். வளைந்து, ஒட்டாமல் நின்றால் அந்தப் பதத்தில் ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு வையுங்கள். ஈரம் உள்ளும் புறமும் ஒரே சீராகப் பரவ அந்த நேரம் தேவை.

3. சுருக்கத்தை அளப்பது

இதை யாரும் செய்வதில்லை. பிறகு வில்லை ஏன் இவ்வளவு சின்னதாகிவிட்டது என்று கேட்பார்கள்.

களிமண் காயும்போது சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். 8 முதல் 12 சதவீதம் சாதாரணம். பட்டையாக ஒரு துண்டு உருட்டி, அதில் சரியாக 10 செ.மீ நீளத்துக்கு ஒரு கோடு கீறி, காயவையுங்கள். காய்ந்தபின் கோடு 9 செ.மீ இருந்தால் உங்கள் மண்ணின் சுருக்கம் பத்து சதவீதம். நம் மாதிரி வரட்டிச் சூட்டில் சுடும்போது மேற்கொண்டு சுருங்குவது மிகக் குறைவு என்பதால் காய்ந்த அளவே கணக்குக்குப் போதும்.

முடிவில் 4 செ.மீ வில்லை வேண்டுமென்றால் 4-ஐ 0.9-ஆல் வகுங்கள். 4.4 செ.மீ சொச்சம் வரும். அந்த அளவில்தான் ஈரமண்ணை வெட்ட வேண்டும். பதக்கத்துக்கு நான் 5.5 செ.மீ வைத்துக்கொள்வேன், அதாவது ஈரத்தில் 6.1.

4. காகிதத்தில் முடிவு செய்வது

சுருக்கம் தெரிந்த பிறகுதான் வரைய வேண்டும். முடிவான அளவில், 4 செ.மீ-இல், அட்டையில் வட்டம் வெட்டிக் காதோரம் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். குட்டை முகத்துக்கு 4 பெரிதாகத் தெரிந்தால் 3.5 ஆக்குங்கள். மண்ணில் வெட்டிய பிறகு வருத்தப்படுவதைவிட அட்டையை வெட்டிப்போடுவது சுலபம்.

எடைக்கு என் கணக்கு பவுன் கணக்கு. ஒரு காதில் ஒரு பவுனுக்கு மேல், அதாவது 8 கிராமுக்கு மேல், தொங்கக்கூடாது. 4 செ.மீ வில்லை 3 மி.மீ கனமாக இருந்தால் ஏறக்குறைய ஆறேழு கிராம் வரும். அதுவே 5 மி.மீ கனமானால் 11 கிராமைத் தாண்டும். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கனமாகச் செய்வதுதான் புதியவர்களின் வழக்கம். கனமான வில்லைதான் நெருப்பில் முதலில் வெடிக்கும் என்பதை அப்போது மறந்துவிடுகிறார்கள்.

கோலத்துக்கு 1-3-1 புள்ளி போதும். ஐந்து புள்ளிக்கு மேல் போனால் 4 செ.மீ வட்டத்துக்குள் இழைகள் நெருங்கி, இடையில் நிற்கும் மண் பொடிந்துவிடும். பட்டர் பேப்பரில் ஈரமண் அளவுக்கு மூன்று படம் வரையுங்கள்: புள்ளி மட்டும், இழை மட்டும், இரண்டும். இழை மட்டும் வரையும் தாளில் புள்ளியையே வைக்காதீர்கள். முதலில் இன்னொரு தாளில் முழுக்கோலம் போட்டு, அதன்மேல் இதை வைத்து இழையை மட்டும் எடுங்கள். நேராக மண்ணிலேயே புள்ளி வைத்து இழை இழுத்துவிட்டு அப்புறம் புள்ளியை அழிக்கலாம் என்றால் அந்தத் தடம் போகாது.

5. உருட்டுவதும் வெட்டுவதும்

இப்போது பிளாஸ்டிக் அட்டைகள். ஒரு அட்டை முக்கால் மி.மீ கனம். நாலு அடுக்கினால் 3 மி.மீ. செய்தித்தாள் மேல் மண்ணை வைத்து, இரண்டு பக்கமும் நாலு நாலு அட்டை அடுக்கி, பூரிக்கட்டையின் இரண்டு முனையும் அட்டை மேல் ஓடும்படி உருட்டுங்கள். மண் தானாக 3 மி.மீ-இல் நிற்கும். எங்கும் ஒரே கனமாக இருப்பது அழகுக்காக அல்ல. மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த இடம் பின்தங்கும், இரண்டும் சேருமிடத்தில் விரிசல் விழும்.

ஒரு பக்கம் உருட்டியதும் மேலே இன்னொரு தாள் வைத்துத் திருப்பி, மறுபக்கமும் உருட்டுங்கள். ஒரே பக்கம் அமுங்கிய மண் காயும்போது அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும்.

கத்தியாலோ சரியான அளவுள்ள டப்பா மூடியாலோ வட்டம் வெட்டலாம். மண் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் மூடியை அழுத்தினால் விளிம்பு கூர்மையாக இல்லாமல் மழுங்கி வரும். பிறகு தேய்க்கும் வேலை பாதி மிச்சம்.

வெட்டிய வில்லையைக் கையால் தூக்காதீர்கள். தாளோடு நகர்த்துங்கள். ஈரமண்ணுக்கு ஞாபகம் அதிகம். தூக்கும்போது வளைந்ததை நீங்கள் தட்டிச் சரிசெய்துவிட்டாலும், காயும்போது அதே இடத்தில் அதே பக்கம் வளையும்.

ஒவ்வொன்றிலும் மூன்று செய்யுங்கள். ஒன்று விரியும், ஒன்று வளையும், ஒன்று தேறும்.

6. கோலம் பதிப்பதும் துளை போடுவதும்

வெட்டியவுடனே பதிக்க வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் நிழலில் விடுங்கள். விரல் வைத்தால் ரேகை பதியாமல், ஆனால் நகம் வைத்தால் தடம் விழும் பதம் வரும். இதைத் தோல் பதம் என்கிறோம். அதற்கு முன்னால் கீறினால் மண் கோட்டின் இரண்டு பக்கமும் பிசிறாக எழும்பும். பிந்தினால் கோடு பொடியும்.

பட்டர் பேப்பரை வில்லை மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் இழையை அழுத்தி ஓட்டுங்கள். கீறவில்லை, அமுக்குகிறோம். இடையில் தாள் இருப்பதால் பேனா முனை மண்ணைப் பிய்க்காது. தாளை எடுத்துவிட்டு அதே தடத்தில் இன்னொரு தடவை லேசாக ஓட்டினால் வாய்க்கால் மாதிரி வழவழப்பான பள்ளம் கிடைக்கும். ஆழம் ஒரு மி.மீ-க்கு உள்ளேயே இருக்கட்டும். 3 மி.மீ வில்லையில் 2 மி.மீ பள்ளம் போட்டால் நீங்களே விரிசலுக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரி.

புள்ளிக்குக் குண்டூசியின் உருண்டைத் தலையை அழுத்திச் சுழற்றி எடுங்கள். நேராக இழுத்தால் மண் கூடவே வரும்.

துளைக்கு ஈர்க்குச்சிதான் என் கருவி. விளிம்பிலிருந்து 4 மி.மீ உள்ளே, முன்பக்கமிருந்து பாதி, பின்பக்கமிருந்து மீதி என்று சுழற்றிக் குத்துங்கள். ஒரே பக்கமிருந்து குத்தினால் மறுபக்கம் தோல் கிளம்பிவிடும். துளையின் குறுக்களவு ஈரத்தில் இரண்டரை மி.மீ இருக்கட்டும். சுருக்கம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், வார்னிஷ் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

இதே பதத்தில் கூழாங்கல்லால் மேற்பரப்பைத் தேய்த்தால் மண்ணே மினுங்கும். கோலப் பள்ளத்தைத் தவிர்த்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். மண்துகள்கள் படுத்து நெருங்குவதால் வரும் மினுக்கம் இது. நம் சூட்டில் அழியாது. ஆனால் பொறுமை வேண்டும், ஒரு வில்லைக்குக் கால் மணி நேரமாவது.

7. காயவைப்பது

பாதி நகைகள் சாகும் இடம் இது. வெயிலில் வைப்பார்கள். மின்விசிறிக்குக் கீழே வைப்பார்கள். ஒருவர் தலைமுடி உலர்த்தும் கருவியையே கொண்டுவந்தார்.

வேகமாக உலர்த்தினால் மேல்பக்கம் சுருங்கிவிடும், அடிப்பக்கம் இன்னும் ஈரமாக அகன்று கிடக்கும். மேலே இருப்பது கீழே இருப்பதைப் பிடித்து இழுக்கும். விளைவு, வில்லை கிண்ணமாகும், அல்லது விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நேர்க்கோட்டில் விரியும். நம் வேலை உலர்த்துவது இல்லை, உலர்வதைத் தாமதப்படுத்துவது.

மரப்பலகையில் செய்தித்தாள் விரித்து வில்லைகளை அடுக்கி, மேலே இன்னொரு தாள், அதன்மேல் லேசான பலகை அல்லது ஒரு டைல்ஸ் துண்டு. காற்றோட்டம் குறைந்த அறையில், நிழலில். முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் திருப்பிப் போட்டு, ஈரமான தாளை மாற்றுங்கள். மூன்றாம் நாள் மேல்பலகையை எடுத்துவிடலாம். கோடையில் நாலைந்து நாள் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாள்கூட ஆகும், அவசரப்படாதீர்கள்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? நிறம் வெளுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், மேல்தோல் முதலில் வெளுத்துவிடும். வில்லையை எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, அது ஆவியாகிக்கொண்டே இருப்பதால்தான் அந்தக் குளிர்ச்சி. அறைச்சூட்டில் இருக்கும் மரக்கட்டை மாதிரி உணர்ந்தால் சரி. நம்பிக்கை வராதவர்கள் சமையல் தராசில் தினமும் எடை போடுங்கள். இரண்டு நாள் ஒரே எடை காட்டினால் முடிந்தது.

காய்ந்த வில்லையின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் ஒரே ஒரு தடவை வருடிவிடுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் தூசி பறக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அப்படித் தேய்த்தே ஆக வேண்டுமென்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே போய்த் தேயுங்கள். இந்த நிலையில் மண் பிஸ்கட் மாதிரி. இரண்டு விரலால் அழுத்தினாலே உடையும்.

8. கடைசி ஈரத்தை விரட்டுவது

கன்னத்துக்குத் தெரியாத ஈரமும் உண்டு. தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். ஒரு சொட்டு உள்ளே மாட்டிக்கொண்டு சூடு சட்டென்று ஏறினால் வெளியே வர வழி தேடி வில்லையைத் தெறிக்கவிடும்.

தோசைக்கல்லில் ஒரு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல் பரப்பி, வில்லைகளை மேலே வைத்து, அடுப்பைச் சிம்மில் இரண்டு மணி நேரம் விடுங்கள். மணல் இல்லாமல் நேராகக் கல்லில் வைத்தால் அடிப்பக்கம் மட்டும் சூடேறும். வீட்டில் பேக்கிங் அவன் இருந்தால் 80 டிகிரி செல்சியஸ், இரண்டு மணி நேரம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

இடையிடையே குளிர்ந்த எவர்சில்வர் தட்டை வில்லைகளுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். தட்டில் வியர்த்தால் இன்னும் ஈரம் வந்துகொண்டிருக்கிறது. தட்டு காய்ந்தே இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அன்றைக்கே சுட்டுவிட வேண்டும். ஓர் இரவு வெளியில் கிடந்தால் காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும்.

9. சுடுவது

சூடு ஏன் வேண்டும் என்று தெரிந்தால் எவ்வளவு வேண்டும் என்பதும் புரியும். எலும்பாகக் காய்ந்த களிமண்ணிலும் அதன் கட்டமைப்போடு பிணைந்த நீர் உண்டு. அது சுமார் 450 முதல் 600 டிகிரிக்குள்தான் விடுபடும். அதைத் தாண்டிய மண் மறுபடி சேறாகாது. நாம் குறிவைப்பது 700 வாக்கில். அடுப்புத் தீயில் வில்லையைக் காட்டிச் சிவக்கவைத்துவிட்டு முடிந்தது என்று சொல்கிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் சுட்டிருப்பார்கள்.

இடம் மண்தரையாக இருக்கட்டும். மொட்டைமாடித் தளத்தில் நேரடியாக மூட்டினால் தளம் வெடிக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். காற்று அடங்கியிருக்கும், இருட்டினால்தான் சூட்டின் நிறமும் கண்ணுக்குத் தெரியும். பருத்தி உடை போடுங்கள், துப்பட்டாவும் முந்தானையும் இழுத்துச் செருகப்பட்டிருக்கட்டும். பக்கத்து வீட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செங்கல்லை வட்டமாக அடுக்குங்கள், காரை எதுவும் வேண்டாம். அடி வரிசையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் சந்து, காற்று நுழைய. நடுவில் மூன்று செங்கல் துண்டுகளை அடுப்புக்கல் மாதிரி வைத்து, அதன்மேல் மண்சட்டி. சட்டியைச் சுற்றி நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

சட்டிக்குள் மெல்லிய மணல் படுக்கை, அதன்மேல் வில்லைகள். ஒன்றையொன்று தொட்டாலும் ஒட்டாது, மேலே கண்ணாடிப்பூச்சு எதுவும் இல்லையே. உடைந்த துண்டுகள் நாலைந்தையும் கூடவே போடுங்கள், பரிசோதிக்க உதவும். துளையிட்ட மூடியால் மூடுங்கள். மண் சிவப்பாக வர உள்ளே காற்று போக வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் தணல் மட்டும். தனியே நாலு வரட்டியை எரித்துக் கங்காக்கி, சட்டிக்கு அடியிலும் பக்கத்திலும் தள்ளுங்கள். ஜுவாலை வேண்டாம். ஆசை தாங்காமல் விறகைத் திணிக்கும் நேரம் இதுதான். என் முதல் சூளையில் அப்படித் திணித்து இருபது நிமிடத்தில் ஓலைவெடிச் சத்தம் கேட்டேன். பதினேழு வில்லையில் தேறியது மூன்று.

பிறகு உடைத்த வரட்டியும் கொட்டாங்கச்சியும் கலந்து சட்டியைச் சுற்றி நிரப்பி, மூடியின் துளை மட்டும் தெரிய மேலேயும் மூடி, உச்சியில் பற்றவையுங்கள். கீழே பற்றவைத்தால் எல்லாம் ஒரே மூச்சில் எரிந்துவிடும். உச்சியில் வைத்த நெருப்பு மெல்ல இறங்கும், சூடும் மெல்ல ஏறும். ஊதாதீர்கள், விசிறாதீர்கள்.

ஒரு சுற்று எரிந்து அடங்கியதும் இன்னொரு சுற்று நிரப்புங்கள். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகிவிடும். இருட்டில், கொஞ்சம் தள்ளி நின்று மூடியின் துளையைப் பாருங்கள். உள்ளே மங்கலான சிவப்பு, பழுத்த மிளகாய் நிறம் தெரிந்தால் வேண்டிய சூடு வந்துவிட்டது. அந்த நிறம் அரை மணி நேரம் நிற்க வேண்டும். நிறமே வரவில்லையென்றால் கொட்டாங்கச்சி கூடுதலாகப் போடுங்கள்.

அப்புறம் சாம்பலால் மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் சட்டி வெறும் கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறியபின்தான் மூடியைத் தொட வேண்டும். மண்ணிலுள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) துகள்கள் 573 டிகிரி வாக்கில் சட்டென்று பருமன் மாறும். அந்தக் கட்டத்தில் குளிர்காற்று பட்டால் முழுசாக இருந்த வில்லை மயிரிழையாக விரியும். ஆவலில் ராத்திரியே திறந்தவர்களை எனக்குத் தெரியும்.

கறுப்பு நகை வேண்டுமென்றால் அதே சட்டிதான், ஆனால் மூடியில் துளை கிடையாது. வில்லைகளைச் சுற்றி மரத்தூளை அடைத்து, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசிவிடுங்கள். காற்று இல்லாமல் புகையும் மரத்தூள் மண்ணிலுள்ள இரும்பின் சிவப்பை மாற்றும், கரியும் படியும். இந்தச் செட்டை நான் இரண்டு நிறத்திலும் செய்து பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கோலத்துக்குச் செம்மண் நிறமே பொருத்தம்.

நெருப்பு மூட்ட இடமில்லாதவர்கள் மூடிய சட்டியோடு குயவரிடம் கொடுத்து, அவருடைய சூளையில் வைத்துத் தரக் கேட்கலாம். மார்கழியில் மட்டும் போகாதீர்கள். பொங்கல் பானை வேலையில் அவருக்குப் பேசவே நேரம் இருக்காது.

10. உடைந்ததைப் படிப்பது

முதலில் கூடப் போட்ட துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் விடுங்கள். கரைந்து குழைந்தால் சூடு போதவில்லை, நல்ல வில்லைகளை மறுபடி சுடலாம். இன்னொரு துண்டை உடைத்துக் குறுக்குவெட்டைப் பாருங்கள். நடுவில் கருப்புப் பட்டை இருந்தால் உள்ளிருக்கும் கரி முழுக்க எரியவில்லை, நேரமோ காற்றோ போதவில்லை. நகைக்கு அது பெரிய குற்றமில்லை, ஆனால் அடுத்த தடவை கவனியுங்கள்.

சில்லு சில்லாகச் சிதறியிருந்தால் ஈரம். விளிம்பிலிருந்து கிளம்பிய நேர்விரிசல் காயவைத்ததில் நடந்த அவசரம், நெருப்பில் பெரிதாகியிருக்கும் அவ்வளவுதான். முழு வில்லையை நூலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டு, அதற்கு வண்ணம் பூசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

11. கோலத்துக்கு வெள்ளை

தூரிகையால் பள்ளத்துக்குள் வெள்ளை தீட்ட முயன்றால் கை நடுங்கும், ஓரம் கசியும். அதற்குத்தான் பள்ளம் போட்டோம்.

வில்லையைக் கழுவிக் காயவைத்து, பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு, இரண்டு பக்கமும், பள்ளத்துக்குள்ளும். சுடுமண் தண்ணீரை உறிஞ்சும். வார்னிஷ் இல்லாமல் வெள்ளையைத் தேய்த்தால் மேற்பரப்பு முழுக்க வெளிறிப்போகும். ஈர்க்குச்சியைத் துளையில் விட்டு எடுங்கள், அடைத்துக்கொள்ளாமலிருக்க.

முழுக்கக் காய்ந்தபின் வெள்ளை அக்ரிலிக்கை விரலால் எடுத்துக் கோலத்தின் மேல் தாராளமாகப் பூசி, பள்ளங்களுக்குள் அமுக்குங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, பிழிந்த ஈரத்துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, மேற்பரப்பை மட்டும் துடையுங்கள். மேலே இருந்தது போய்விடும், பள்ளத்தில் இருப்பது நிற்கும். அரிசிமாவில் போட்ட இழை மாதிரித் துல்லியமாக இருக்கும். துணி தளர்ந்திருந்தால் அது பள்ளத்துக்குள் இறங்கி வெள்ளையை வழித்துவிடும், அதனால்தான் இறுக்கம். காய்ந்ததும் இன்னொரு பூச்சு வார்னிஷ்.

போஸ்டர் கலர் வேண்டாம், வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கும். வில்லை முழுக்கத் தங்க நிறம் பூசுகிற பழக்கமும் எனக்குப் பிடிப்பதில்லை. மண்ணே தெரியாத மண் நகைக்கு இவ்வளவு பாடு எதற்கு?

12. கோர்ப்பது

வளையத்தை அகலத் திறக்காதீர்கள். இரண்டு குறடால் இரண்டு முனையையும் பிடித்து, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் திருகுங்கள். அகலத் திறந்த வளையம் மறுபடி வட்டமாகாது, சந்து விழுந்து ஒருநாள் பேருந்தில் தொங்கட்டான் நழுவிப் போகும். குறடு வில்லையின் விளிம்பில் பட்டால் சில் தெறிக்கும், அதனால் வில்லையை மடியில் துணி மேல் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

8 மி.மீ வளையம் ஏன் என்றால், துளைக்கும் விளிம்புக்கும் இடையே ஏறக்குறைய 4 மி.மீ மண் இருக்கிறது. வளையம் அதைச் சுற்றி இறுகாமல் ஆட வேண்டும். இறுக்கமான வளையத்தில் வில்லை பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, கோலம் தோளைப் பார்க்கும்.

ஹூக் மாட்டும் முன் அதன் வளைவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரண்டு வில்லையிலும் கோலம் முன்னால் வர வேண்டும். ஒரே மாதிரி ஜோடியில் இந்தத் தப்பு சட்டென்று தெரிந்துவிடும். இதில் இரண்டும் வேறு வேறு என்பதால் மாட்டிக் கண்ணாடியில் பார்க்கும்வரை தெரியாது.

பதக்கத்துக்கு உலோகச் சங்கிலி வேண்டாம், நாளடைவில் துளையை அறுக்கும். மெழுகுக் கயிற்றில், இழுத்தால் நீளமும் சுருக்கமும் ஆகிற நழுவு முடிச்சு இரண்டு போடுங்கள். நீளத்தை மேசையில் அளக்காமல், போட்டுக்கொள்ளப்போகும் உடையோடு கண்ணாடி முன் நின்று முடிவு செய்யுங்கள். முழுக்கோலம் கழுத்துப்பட்டிக்குக் கீழே மூன்று விரல் தள்ளி வந்தால் மூன்று வில்லையும் ஒரே பார்வையில் விழும்.

கழற்றியதும் மூன்றையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள். ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றோடொன்று உரசி முதலில் போவது விளிம்புதான்.